டீப் பர்ப்பிள் ஹெவி மெட்டலுக்கு விட்டுச்சென்றது என்ன?

ஹெவி மெட்டலைத் தொடங்கிவைத்தது பிளாக் சப்பாத் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும்போது, டீப் பர்ப்பிளையும் ஏன் அதன் முன்னோடியாகச் சொல்கிறார்கள், அவர்கள் ஒரு ராக் குழு மட்டும்தானே என்பது இங்கே எழுப்பப்பட்டிருக்கும் கேள்வி. சப்பாத்தைப் பற்றிய பகுதியில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ஹெவி மெட்டலின் கனமும் இருளும் அச்சமூட்டும் மெதுவான நடையும் முழுமையாகவே இருக்கின்றன. ஆனால் பின்னால் வந்த மெட்டல் இசையைக் கூர்ந்து கேட்டால், அதில் சப்பாத்திடமிருந்து வந்திருக்க முடியாத சில கூறுகள் ஓங்கி நிற்பதைக் காணலாம்: மூச்சுவிடாத வேகம், ஐரோப்பியச் செவ்வியல் இசையிலிருந்து எடுத்தாண்ட சோலோக்கள் (ஒரு கருவி தனித்து முன்னால் ஒலிக்கும் பகுதிகள்), மேல் ஸ்தாயியில் அலறும் குரல், வாசிப்புத் திறமையையே பெருமையாகக் கருதும் மனப்பான்மை. இந்த நான்கும் பெருமளவில் டீப் பர்ப்பிள் வழியாகவே மெட்டலுக்குள் வந்தன என்பது என் உறுதியான கருத்து. பாட்டுகளையும் ஆட்களையும் ஆண்டுகளையும் வைத்து அதை விளக்க முயல்கிறேன்.

குழு 1968-இல் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டில் உருவானது. முதல் மூன்று ஆல்பங்களில் அவர்கள் எந்தத் திசையில் போவது என்று முடிவு செய்யாத, திறமையான ஒரு குழுவாகவே ஒலித்தார்கள். 1969-இல் பாடகர் இயான் கில்லனும் பேஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் குளோவரும் வந்து சேர்ந்தார்கள். கிட்டாரில் ரிச்சி பிளாக்மோர், ஆர்கனில் ஜான் லார்ட், டிரம்ஸில் இயான் பெய்ஸ் ஆகியோர் தொடக்கத்திலிருந்தே இருந்தவர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவுடன் சேர்ந்து லார்ட் இயற்றிய ஒரு நெடிய படைப்பை வாசித்தார்கள். பத்திரிகைகள் அதைப் பற்றி நிறைய எழுதின. பிளாக்மோருக்கோ அது பிடிக்கவில்லை. அடுத்த ஆல்பம் முழுக்க முழுக்கக் கடுமையான ராக்காக இருக்க வேண்டும், அது தோற்றுவிட்டால் வாழ்நாள் முழுவதும் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கவும் தயார் என்று அவர் லார்டிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பிடிவாதத்தில் பிறந்ததுதான் 1970 ஜூனில் வெளிவந்த ‘இன் ராக்’.

அந்த ஆல்பத்தின் முதல் பாட்டான ‘ஸ்பீட் கிங்’, அதன் பிரிட்டிஷ் பதிப்பில், எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் வெறிகொண்டு முழங்கும் இரைச்சலோடு தொடங்கும். பிறகு ஆர்கன் தேவாலயத்தில் ஒலிப்பதுபோல் அமைதியாக இறங்கி வரும். அதன் பின்னரே பாட்டு பாயும். கடைசிப் பாட்டான ‘ஹார்ட் லவின் மேன்’ இன்னும் முக்கியமானது. குதிரைப் பாய்ச்சல் போன்ற ஒரு தாள நடையில் கிட்டாரும் பேஸும் ஒன்றாக ஓடுகின்றன: ஒரு நீண்ட தட்டு, அதைத் தொடர்ந்து இரண்டு குறுந்தட்டுகள், அதே அமைப்பு நிற்காமல் திரும்பத் திரும்ப. 1983-இல் வந்த, அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழுவின் ‘தி ட்ரூப்பர்’ பாட்டை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் பதின்மூன்று ஆண்டு இடைவெளியை நம்புவது கடினம். சப்பாத்தின் முதல் ஆல்பத்தில் இந்த நடை இல்லை. அவர்களுடைய பலம் வேறு: கிட்டார் கலைஞர் டோனி அயோமியின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் மெட்டு) ஒவ்வொன்றும் பாரத்தை ஏற்றிக்கொண்டு மெல்ல நகரும். பர்ப்பிளின் ரிஃப் உங்களை இழுத்துக்கொண்டு ஓடும்.

ஜான் லார்டின் பங்கைப் பலரும் தவறாகவே மதிப்பிடுகிறார்கள். மெட்டல் குழுக்களில் பெரும்பாலும் ஆர்கன் கிடையாது என்பதால், லார்டின் தாக்கம் அவரோடு முடிந்துபோனதாகக் கருதிவிடுகிறார்கள். அந்நாளில் ஹேமண்ட் ஆர்கனை வழக்கமாக லெஸ்லி என்ற சுழலும் ஒலிபெருக்கி வழியாகவே ஒலிக்கச் செய்வார்கள். அதனால் ஒலி மிருதுவாக அலையும். லார்ட் அதை விடுத்து, கிட்டார் கலைஞர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் ஆர்கனை இணைத்தார். ஒலி உடைந்து, கரகரத்து, ஏறக்குறைய இன்னொரு கிட்டாராகவே மாறியது. பிளாக்மோர் ரிஃபை வாசிக்கும்போது லார்டும் அதே ரிஃபை அடியில் வாசித்தார். பிளாக்மோர் சோலோவுக்குப் போனபோது அடித்தளம் சரியாமல் தாங்கினார். இரண்டு கிட்டார்கள் உள்ள பிற்கால மெட்டல் குழுக்களில் இரண்டாம் கிட்டார் என்ன வேலை செய்கிறதோ அதை இங்கே ஓர் ஆர்கன் செய்துகொண்டிருந்தது. கருவி மறைந்தாலும் அது வகித்த இடம் நிலைத்துவிட்டது.

இப்போது ‘ஹைவே ஸ்டார்’. 1971-இல் போர்ட்ஸ்மவுத் நகருக்கு நிகழ்ச்சிக்காகப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தபோது, நீங்கள் பாட்டுகளை எப்படி உருவாக்குகிறீர்கள் என்று ஒரு செய்தியாளர் கேட்டிருக்கிறார். பிளாக்மோர் கையில் இருந்த கிட்டாரில் ஒரே சுரத்தை இடைவிடாமல் தட்டத் தொடங்கினார். கில்லன் அதன்மேல் வரிகளைக் கட்டினார். அதே இரவு மேடையில் பாட்டு அரங்கேறியது. 1972 மார்ச்சில் வந்த ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தின் முதல் பாட்டு அதுதான். ஆனால் நான் பேச விரும்புவது அதன் நடுவில் வரும் இரண்டு சோலோக்களைப் பற்றி. முதலில் லார்டின் ஆர்கன், பிறகு பிளாக்மோரின் கிட்டார். இரண்டும் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் பாணியில் அமைந்த சுரக்கோவைகளின்மேல் கட்டப்பட்டவை. அதுவரை ராக் கிட்டார் சோலோ என்றாலே புளூஸிலிருந்து வந்த ஐந்து சுர அமைப்புதான். ஒரு சுரத்தை இழுத்து வளைத்து ஏங்கவைப்பதுதான் அதன் அழகு. பிளாக்மோர் அதையும் விடவில்லை. ஆனால் சோலோவின் உச்சப் பகுதியில் அவர் வேகமாக ஏறி இறங்கும் சுரக்கோவைகளை இயந்திரத் துல்லியத்தோடு அடுக்கினார். அதோடு அதே வரிசையை இரண்டாம் கிட்டாராகவும் தானே வாசித்து இணையாக ஒலிக்கவைத்தார்.

இந்த ஒரு நிமிடத்துக்குள் பிற்கால மெட்டல் கிட்டாரின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகத் தோன்றலாம். எனினும் அதில் உள்ளவற்றைப் பிரித்துப் பார்த்தால் மறுப்பது எளிதல்ல. செவ்வியல் இசையின் சுரப்போக்கு இருக்கிறது. இரட்டைக் கிட்டார் இசைவு இருக்கிறது. வேகமே உணர்ச்சியாக மாறும் தருணம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சோலோ முன்கூட்டியே சுரம் சுரமாக இயற்றப்பட்டது. பிளாக்மோர் பொதுவாக அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பவர். ஒரே பாட்டை இரண்டு இரவுகளில் ஒரே மாதிரி வாசித்ததில்லை. இந்தச் சோலோவுக்கு மட்டும் அவர் வீட்டில் உட்கார்ந்து உழைத்தார். வினோதம் என்னவென்றால், அவருடைய இயல்புக்கு விலக்கான இந்த ஒன்றுதான் அடுத்த தலைமுறைக்கு இலக்கணமாகிவிட்டது. மெட்டலில் சோலோ என்பது பாட்டின் ஓர் அங்கம். மேடையில் அதைச் சுரம் பிசகாமல் வாசிக்க வேண்டும் என்று ரசிகர் எதிர்பார்ப்பார். அந்த எதிர்பார்ப்பின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

அதே ஆல்பத்தில் உள்ள ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் அறிவார்கள். 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரில், ஃபிராங்க் ஸாப்பாவின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது யாரோ ஒருவர் சுட்ட ஒளிவெடியால் சூதாட்ட விடுதி எரிந்துபோனது. அங்கே பதிவு செய்ய வந்திருந்த பர்ப்பிள், ஏரிமேல் புகை பரவியதைக் கண்டு அந்தப் பாட்டை எழுதியது. அதன் ரிஃப் நான்காம் சுர இடைவெளியில் இரண்டிரண்டாக நகரும் சுரங்களால் ஆனது. ஐந்தாம் இடைவெளி கொண்ட மெட்டலின் பவர் கார்டை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் இரு சுர இணையை, தலைகீழாகப் புரட்டினால் கிடைப்பது அதுதான். உலகில் கிட்டார் கற்கத் தொடங்கும் பிள்ளைகள் பலரும் முதலில் வாசிப்பது அதையே. ஆனால் அந்தப் புகழ் குழுவுக்கு நன்மையும் தீமையுமாக அமைந்துவிட்டது: எளிய ரிஃப் ஒன்றைத் தந்த குழு என்ற அளவில் பலர் நின்றுவிடுகிறார்கள்.

கில்லனின் குரலுக்கு வருவோம். ‘இன் ராக்’ ஆல்பத்தின் ‘சைல்ட் இன் டைம்’ பத்து நிமிடத்துக்கும் மேற்பட்டது. அதன் ஆர்கன் மெட்டுக்கு மூலம், இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற அமெரிக்கக் குழுவின் ‘பாம்பே காலிங்’. நம் ஊர்ப் பெயர் ஒன்று இந்தக் கதைக்குள் இப்படி நுழைந்திருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும். பாட்டில் சொற்கள் மிகக் குறைவு. போரின் அச்சத்தைச் சில வரிகளில் சொல்லி முடித்ததும் கில்லன் சொல்லை விட்டுவிடுகிறார். தாழ்ந்த குரலில் ஒரு ஊங்காரம், அதையே உயர்த்தி நெஞ்சிலிருந்து ஒரு கூவல், அதற்கும் மேலே சென்று அலறல் என்று மூன்று படிகளில் ஏறுகிறார். குரலைச் சொல்லிலிருந்து விடுவித்து, கிட்டாருக்குச் சமமான ஒரு கருவியாக அவர் நிறுத்திவிட்டார். லெட் செப்பலினின் ராபர்ட் பிளான்ட்டும் மேல் ஸ்தாயியில் பாடியவர்தான்; ஆனால் அவருடைய குரல் புளூஸின் வளைவுகளோடு நெளியும். கில்லனின் அலறல் நேர்கோடாக, ஊசிமுனைபோல் மேலே செல்லும். மெட்டல் பாடகர்கள் தேர்ந்தது இரண்டாவது வழியை. பள்ளி விடுதியில் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் அறையிலிருந்து இந்தப் பாட்டு ஒலித்ததைக் கேட்டு நின்றுவிட்ட ஒரு மாணவர்தான் பின்னாளில் அயர்ன் மெய்டனின் பாடகரான புரூஸ் டிக்கின்சன். 1982-இல் ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ பாட்டின் தொடக்கத்தில் அவர் நீட்டிப் பிடிக்கும் அலறலைக் கேட்பவர் அதற்கு முன்னோர் யார் என்று கேட்க வேண்டியதில்லை.

டிரம்ஸில் இயான் பெய்ஸின் கொடை இன்னும் நுட்பமானது. அவர் ஜாஸ், ஸ்விங் இசையைக் கேட்டு வளர்ந்தவர். பொதுவாக ஒரே ஒரு பேஸ் டிரம்மோடு வாசிப்பவர். ஆனால் 1971-இல் வந்த ‘ஃபயர்பால்’ பாட்டுக்காக இரண்டு பேஸ் டிரம்களை வைத்துக்கொண்டு இரு கால்களாலும் விடாமல் உதைத்தார். ஏழு ஆண்டுகள் கழித்து ஜூடாஸ் பிரீஸ்ட்டின் ‘எக்ஸைட்டர்’, அதற்கு அடுத்த ஆண்டு மோட்டர்ஹெட்டின் ‘ஓவர்கில்’, 1982-இல் அக்செப்ட்டின் ‘ஃபாஸ்ட் ஆஸ் எ ஷார்க்’ என்று அந்த உதை மேன்மேலும் வேகமெடுத்து மெட்டலின் அடையாளமாகவே மாறியது. இரண்டு பேஸ் டிரம்களைப் பயன்படுத்தியவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். ஜாஸில் லூயி பெல்சன் இருந்தார், ராக்கில் கீத் மூனும் ஜிஞ்சர் பேக்கரும் இருந்தார்கள். ஒரு முழுப் பாட்டின் ஓட்டத்தையே அதன்மேல் நிறுத்திக் காட்டியதுதான் ‘ஃபயர்பால்’ செய்த வேலை.

பாட்டுகளைத் தாண்டி ஆட்களுக்கு வரும்போது பர்ப்பிளின் வாதம் மேலும் வலுவடைகிறது. ‘ஹார்ட் லவின் மேன்’ பாட்டை ஆல்பத்தின் உறையில் அவர்கள் மார்ட்டின் பிர்ச் என்பவருக்குச் சமர்ப்பித்திருந்தார்கள். ‘இன் ராக்’ பதிவில் ஒலிப்பொறியாளராக இருந்த பிர்ச், ‘ஃபயர்பால்’, ‘மெஷின் ஹெட்’, மேடைப்பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ என்று குழுவின் முக்கியப் பதிவுகளில் தொடர்ந்து பணியாற்றினார். பெருஞ்சத்தத்திலும் ஒவ்வொரு கருவியும் தனித்துத் தெளிவாகக் கேட்கும்படி பதிவு செய்வது எப்படி என்பதை அவர் கற்றது இந்தக் குழுவோடுதான். 1976-இல், பிளாக்மோர் பின்னர் தொடங்கிய ரெயின்போ குழுவின் ‘ரைஸிங்’ ஆல்பத்தைத் தயாரித்தார். 1980-இல் பிளாக் சப்பாத்தின் ‘ஹெவன் அண்ட் ஹெல்’ அவருடைய தயாரிப்பு. 1981-இன் ‘கில்லர்ஸ்’ தொடங்கி 1992-இன் ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ வரை அயர்ன் மெய்டனின் ஸ்டுடியோ ஆல்பங்களில் அவர் கை இருக்கிறது. மெட்டல் என்றால் எப்படி ஒலிக்க வேண்டும் என்று ஒரு தலைமுறையின் காதுகள் பழகிக்கொண்டது இந்த ஒலியைக் கேட்டுத்தான்.

பேஸ் கிட்டார் கலைஞரான ரோஜர் குளோவரும் 1973-இல் குழுவை விட்டு விலகியபின் தயாரிப்பாளராகப் பெயர் பெற்றார். ஜூடாஸ் பிரீஸ்ட்டின் மூன்றாம் ஆல்பமான ‘சின் ஆஃப்டர் சின்’ 1977-இல் அவர் தயாரிப்பில் வந்தது. அதன் கடைசிப் பாட்டு ‘டிஸிடென்ட் அக்ரெஸர்’. அந்தக் காலத்துக்கு மிரட்டலான பாட்டு. 1988-இல் ஸ்லேயர் தங்கள் ‘சவுத் ஆஃப் ஹெவன்’ ஆல்பத்தில் அதை மீண்டும் வாசித்தார்கள். பர்ப்பிளின் ஓர் உறுப்பினர் தயாரித்த பாட்டு இப்படித் திராஷ் என்ற அதிவேக மெட்டல் பிரிவின் மிகக் கடுமையான குழு ஒன்றின் ஆல்பத்துக்குள் இடம்பிடித்தது. தாக்கம் என்ற சொல்லைப் பலர் மேலோட்டமாகப் பயன்படுத்துகிறார்கள்; இங்கே கைகளையும் பதிவுகளையும் பெயர் சொல்லியே காட்ட முடிகிறது.

1975-இல் பிளாக்மோர் வெளியேறியது பர்ப்பிளுக்கு இழப்பு. மெட்டலுக்கோ அது பெரும் வரவாக அமைந்தது. எல்ஃப் என்ற அமெரிக்கக் குழுவின் பாடகர் ரானி ஜேம்ஸ் டியோவை அழைத்துக்கொண்டு அவர் ரெயின்போவைத் தொடங்கினார். ‘ரைஸிங்’ ஆல்பத்தின் ‘ஸ்டார்கேஸர்’ பாட்டில், பறந்து செல்ல விரும்பும் மந்திரவாதி ஒருவன் ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக்கி வெயிலில் கோபுரம் கட்டவைக்கிறான். கடைசியில் அவன் பறக்க முயன்று விழுந்து சாகிறான். கதையைச் சொல்வது அடிமைகளில் ஒருவன். கோசி பவலின் டிரம்ஸ் கல் உடைப்பதுபோல் இறங்க, கிழக்கத்திய சாயல் கொண்ட ரிஃபின்மேல் ஆர்க்கெஸ்ட்ரா எழுகிறது. மந்திரவாதிகளும் வாள்களும் கோபுரங்களும் நிறைந்த பவர் மெட்டலின் கற்பனை உலகத்துக்கு இந்தப் பாட்டுதான் வாசல் என்று நான் கருதுகிறேன். அதற்கு அடுத்து வரும் ‘எ லைட் இன் த பிளாக்’ எட்டு நிமிடம் இடைவிடாமல் பாய்கிறது. 1978-இன் ‘கில் த கிங்’ பாட்டோ, பத்து ஆண்டு கழித்து, பவர் மெட்டல் செழித்த ஜெர்மனியில் எழுதப்பட்டிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள் என்னும்படி இருக்கிறது. ‘ரைஸிங்’ உறையில் கடலிலிருந்து எழும் முஷ்டி வானவில்லைப் பற்றியிருக்கும் ஓவியத்தைத் தீட்டிய கென் கெல்லிதான் பின்னர் மேனோவார் என்ற மெட்டல் குழுவின் ஆல்பங்களின் உறைகளையும் வரைந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டியோ 1979-இல் பிளாக் சப்பாத்தில் சேர்ந்தார். அதனால்தான் சப்பாத்தா பர்ப்பிளா என்று இரண்டு முகாம்களாகப் பிரித்துப் பேசுவது 1980-க்குப் பிறகு பொருளிழக்கிறது. ‘ஹெவன் அண்ட் ஹெல்’ ஆல்பத்தின் முதல் பாட்டான ‘நியான் நைட்ஸ்’ பழைய சப்பாத்தைப்போல் கனத்து நகர்வதில்லை, ரெயின்போவைப்போல் பாய்கிறது. பாடகர் ரெயின்போவிலிருந்து வந்தவர், தயாரிப்பாளர் பர்ப்பிளோடு வளர்ந்தவர், ரிஃப் அயோமியுடையது. இரு மரபுகளும் ஒரே அறையில் சந்தித்த அந்த ஆல்பத்தையே முழு வளர்ச்சி பெற்ற ஹெவி மெட்டலின் முதல் முகமாக நான் எண்ணுகிறேன். 1983-இல் கில்லனே ‘பார்ன் அகெய்ன்’ ஆல்பத்துக்காகச் சப்பாத்தில் பாடினார். 1986-இல் பர்ப்பிளின் முன்னாள் உறுப்பினர் கிளென் ஹியூஸ் ‘செவன்த் ஸ்டார்’ ஆல்பத்தில் பாடினார். உறவு இவ்வளவு நெருக்கமானது.

அடுத்த தலைமுறைக்கு வந்தால், ஸ்வீடனின் கிட்டார் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீனைச் சொல்லாமல் இருக்க முடியாது. எட்டு வயதில் அக்கா பரிசளித்த ‘ஃபயர்பால்’ ஆல்பத்திலிருந்து தன் பாதை தொடங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். பிளாக்மோரிடமிருந்து பாக்குக்கும், பிறகு வயலின் மேதை பகனினிக்கும் சென்று, 1984-இன் ‘ரைஸிங் ஃபோர்ஸ்’ ஆல்பத்தில் நியோகிளாசிகல் மெட்டல் என்ற தனிப்பிரிவையே நிலைநாட்டினார். பிளாக்மோர் வைத்திருந்த அதே வகை ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார், கட்டைகளுக்கு இடையே குடைந்தெடுத்த அதே விரற்பலகை. அல்கட்ராஸ் குழுவில் அவரோடு பாடிய கிரஹாம் பானெட்டும், ‘ஒடிசி’ ஆல்பத்தில் பாடிய ஜோ லின் டர்னரும் ரெயின்போவின் முன்னாள் பாடகர்கள். அவருடைய கீபோர்டு கலைஞர் யென்ஸ் யோஹான்சன், லார்டுக்கும் பிளாக்மோருக்கும் இடையே நடந்த கேள்வி-பதில் மோதலை மால்ம்ஸ்டீனோடு நிகழ்த்தினார். பிறகு 1995-இல் ஃபின்லாந்தின் ஸ்ட்ராட்டோவேரியஸில் சேர்ந்து அந்த வழக்கத்தைப் பவர் மெட்டலுக்குள் கொண்டுபோனார். 2016-இல் பிளாக்மோர் ரெயின்போவை மீண்டும் மேடையேற்றியபோது கீபோர்டில் அமர்த்தியதும் இதே யோஹான்சனைத்தான்.

முற்போக்கு மெட்டலின் முதன்மைக் குழுவான ட்ரீம் தியேட்டர் 2006 ஜனவரியில் ஒசாகாவில் ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பத்தை முழுமையாக வாசித்தது. அந்த ஆல்பம் 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவானது என்பதால், ஊரையும் தேர்ந்தெடுத்தே செய்திருக்கிறார்கள்.

திராஷ் மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிச் டென்மார்க்கைச் சேர்ந்தவர். 1973 பிப்ரவரியில், ஒன்பது வயதில், கோபன்ஹேகனில் தந்தையோடு சென்று பார்த்த டீப் பர்ப்பிள் நிகழ்ச்சிதான் தன்னை இசைக்குள் இழுத்தது என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார். மெட்டாலிகா 1999-இல் சான் ஃபிரான்சிஸ்கோ சிம்ஃபனியோடு சேர்ந்து வாசித்தபோது, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆல்பர்ட் ஹாலில் லார்ட் திறந்த கதவின் வழியாகவே அவர்கள் நடந்தார்கள். 2012-இல் ‘மெஷின் ஹெட்’ காலத்துப் பாட்டான ‘வென் எ பிளைண்ட் மேன் க்ரைஸ்’ பாட்டை மறுபதிவு செய்தார்கள். 2016-இல் டீப் பர்ப்பிள் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது மேடையில் அவர்களை வரவேற்றுப் பேசியவர் உல்ரிச். அந்த மண்டபத்துக்கு மெட்டாலிகாவே 2009-இல் வந்துவிட்டது. அவர்களுக்கு ஆசானாக இருந்தவர்கள் மேலும் ஏழு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. ஜான் லார்ட் 2012-இலேயே காலமாகிவிட்டார். இந்தத் தாமதத்தை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எதிர்வாதத்தையும் நியாயமாக எடுத்துக்கொள்ள வேண்டும். வேகம் பர்ப்பிளின் தனிச்சொத்து அல்ல: லெட் செப்பலின் 1969-இலேயே ‘கம்யூனிகேஷன் பிரேக்டவுன்’ பாட்டைத் தந்துவிட்டது, சப்பாத்தின் 1975 பாட்டான ‘சிம்ப்டம் ஆஃப் தி யூனிவர்ஸ்’ திராஷ் ரிஃபின் முன்னோடி என்பதில் ஐயமில்லை. மெதுவாகவும் கனத்தும் ஒலிக்கும் டூம் மெட்டலும் அதன் கிளைகளும் சப்பாத்திடமிருந்தே பிறந்தவை, அங்கே பர்ப்பிளுக்கு இடமில்லை. பர்ப்பிளின் உறுப்பினர்களும் தங்களை மெட்டல் குழுவாகக் கருதியதில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பத்தின் ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ ஏறக்குறைய இருபது நிமிடம். அதில் அடுத்து எங்கே போகிறோம் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாத தருணங்கள் உண்டு. ஒருவர் தொட்டதை மற்றவர் பிடித்துக்கொண்டு வேறெங்கோ போவார். பெய்ஸின் வாசிப்பில் எவ்வளவு வேகத்திலும் ஒரு துள்ளல் இருக்கும். மெட்டல் அந்தத் துள்ளலையும் கணநேரக் கற்பனையையும் எடுத்துக்கொள்ளவில்லை. துல்லியத்தை எடுத்துக்கொண்டு அதை மேலும் தீட்டியது. பெற்றது பெரிதுதான். ஆனாலும் விட்டுவிட்டதும் சிறிதல்ல என்பதை அந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் உணர்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு பரிந்துரை: ‘ஹார்ட் லவின் மேன்’, ‘ஃபயர்பால்’, ‘ஹைவே ஸ்டார்’, 1974-இன் ‘பர்ன்’, ‘எ லைட் இன் த பிளாக்’, ‘கில் த கிங்’, ‘நியான் நைட்ஸ்’, அதன்பின் மால்ம்ஸ்டீனின் ‘ஃபார் பியாண்ட் த சன்’, கடைசியாக ஜெர்மனியின் பவர் மெட்டல் குழுவான ஹெலோவீனின் ‘ஈகிள் ஃப்ளை ஃப்ரீ’ என்ற வரிசையில் ஒரே அமர்வில் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்றைக் கவனியுங்கள்: பேஸ் டிரம் எந்த அளவுக்கு இடைவெளியின்றி ஓடுகிறது, சோலோவில் புளூஸின் வளைவு எங்கே குறைந்து செவ்வியல் சுரக்கோவை எங்கே கூடுகிறது, பாடகர் உள்ள பாட்டுகளில் (‘ஃபார் பியாண்ட் த சன்’ வெறும் கருவியிசை) அவர் எந்த இடத்தில் சொல்லைக் கைவிட்டு வெறும் ஒலிக்குப் போகிறார். ‘பர்ன்’ பாட்டில் மட்டும் பெய்ஸின் டிரம்ஸைத் தனியாக இன்னொரு முறை கேட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.